750 லிட்டர் 610 ஆன நாள்: ஒரு சிறு முட்டைக்கோழிப் பண்ணையில் பறவைக் காய்ச்சல்

இந்த ஆய்வு நான் மாதம் ஒருமுறை போய்வரும் ஒரு பண்ணையைப் பற்றியது. கால்நடை மருத்துவர் என்ற முறையில் இதில் எனக்கும் பங்கு உண்டு, தவறு உட்பட. பண்ணைக்காரரின் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் இருக்காது.

பின்னணி

கணவன், மனைவி, ஒரு வேலையாள் என மூன்று பேர் நடத்தும் பண்ணை. இரண்டு ஷெட்கள், இரண்டிலும் ஆழ்கூள முறை, அதாவது கூண்டில்லாமல் தரையில் பரப்பிய கூளத்தின் மேல் வளர்ப்பது. பெரிய ஷெட்டில் 41 வாரம் ஆன 3,400 முட்டைக்கோழிகள். அதைக் கணவரும் வேலையாளும் பார்த்துக்கொண்டார்கள். சின்ன ஷெட்டில் 26 வாரம் ஆன 2,800 கோழிகள். அது முழுக்க மனைவியின் பொறுப்பு.

பறவைக் காய்ச்சல் பெரிய பண்ணைகளின் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வகையில் அதற்குக் காரணம் உண்டு. சின்னப் பண்ணைக்கு வரும் வண்டியும் ஆளும் குறைவு, அதனால் வெளியிலிருந்து நோய் வரும் வழியும் குறைவு. ஆனால் உள்ளே வந்துவிட்டால் தடுப்பதற்கு எதுவும் இருக்காது. தீவனம் போடுபவர்தான் முட்டை பொறுக்குவார், அவர்தான் செத்ததை எடுப்பார், மோட்டார் ரிப்பேர் என்றால் அதையும் அவரே பார்ப்பார். எல்லாமே ஒரே ஜோடி பூட்ஸோடு.

பெரிய ஷெட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டரில் ஒரு குளம். குளிர் தொடங்கியதும் அதில் காட்டு வாத்துகளும் ஆலாக்களும் இறங்கும். நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். "குளத்துப் பக்கம் வலை கட்டுங்கள்" என்று இரண்டு முறை சொல்லியும் இருக்கிறேன். குளத்துத் தண்ணீர் ஷெட்டுக்குள் வருமா என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. ஆழ்துளைக் கிணறு இருக்கும்போது ஏன் கேட்கப்போகிறேன்?

நுழைவாயிலில் கால் நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி ஒன்று இருந்தது. பெரும்பாலும் சேற்று நிறத்தில்தான் இருக்கும். மண்ணும் எச்சமும் கலந்துவிட்டால் கிருமிநாசினி அவற்றோடே வினைபுரிந்து தீர்ந்துவிடும், வைரஸுக்கு மிச்சம் இருக்காது. அந்தத் தொட்டி பார்வைக்கு இருந்தது, அவ்வளவுதான்.

ஆறு நாள் முன்னால்

நோய் தெரிவதற்கு ஆறு நாள் முன்னால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. சின்ன ஷெட்டின் தொட்டி தனி, அது நிறைந்திருந்ததால் சமாளித்துக்கொண்டார்கள். பெரிய ஷெட்டின் தொட்டி முதல் நாள் மதியமே காலி. டீசல் இஞ்சின் வைத்துக் குளத்துத் தண்ணீரை ஏற்றினார்கள். சும்மா ஏற்றவில்லை, பிளீச்சிங் பவுடர் கலந்துதான் ஏற்றினார்கள். ஆனால் அளந்து போடவில்லை. குழாய் முனையில் குளோரின் எவ்வளவு வருகிறது என்று பார்க்கும் சோதனைத் தாளும் அவர்களிடம் இல்லை.

கோழி குடிக்கும் இடத்தில், அதாவது குழாயில் கோழி கொத்திக் குடிக்கும் கடைசி முனையான நிப்பிளில், 2 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 முதல் 3 பங்கு) குளோரின் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பாசியும் வண்டலும் உள்ள தண்ணீர் போட்ட குளோரினை உடனே தின்றுவிடும். தண்ணீரின் காரத்தன்மை பிஎச் 8-ஐத் தாண்டினால் மிச்சமிருப்பதும் பாதி வேலைகூடச் செய்யாது. மூக்குக்கு வாசனை வந்தது, அதனால் போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்த பிறகு. அந்த வாரம் யாரும் எனக்கு போன் செய்யவில்லை. மோட்டார் எரிந்ததற்கு மருத்துவரை யார் கூப்பிடுவார்கள்?

முதல் இரண்டு நாள்

பெரிய ஷெட்டின் கதவுக்குப் பின்னால் ஒரு கோடு போட்ட நோட்டு, கயிற்றில் கட்டிய பேனாவோடு தொங்கும். வேலையாள் தினமும் அதில் நாலு எண்கள் எழுதுவார்: தீவனம், தண்ணீர், முட்டை, சாவு. ஒருநாள்கூட விட்டதில்லை. எழுத்து கோணலாக இருந்தாலும் எண்கள் சரியாக இருக்கும்.

முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் அளவில் தீவனம் தின்னும், தண்ணீர் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 3,400 கோழிக்கு 750 லிட்டர் வரும். நோட்டிலும் வாரக்கணக்கில் 740, 755, 750 என்றுதான் இருந்தது. முதல் நாள் 690. செத்தது இரண்டு, அது வழக்கமான எண்ணிக்கைதான். குளிர் கூடியிருக்கிறது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் நாள் 610. தீவனத் தொட்டியில் மதியம் போட்டது மாலைவரை மிச்சம் கிடந்தது. செத்தது ஐந்து, ஐந்துமே கிழக்கு மூலையில். அன்று இரவு எட்டு மணிக்குப் பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், அஞ்சு போயிருக்கு. தீனியும் மிச்சம் வைக்குது." நான் தடுப்பூசி விவரம் கேட்டேன், சரியாக இருந்தது. கழிச்சல் இருக்கிறதா என்று கேட்டேன், கொஞ்சம் பச்சையாகப் போகிறது என்றார். மூச்சுக்குழல் அழற்சியாக இருக்கலாம், நிப்பிள் லைன் அடைப்பாகவும் இருக்கலாம், காலையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

என் தவறு இது. தண்ணீர் எத்தனை லிட்டர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோட்டைப் பார்த்துச் சொல்லியிருப்பார், இரண்டு நாளில் ஏறக்குறைய 20 சதவீதம் சரிந்தது தெரிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் வகுத்த அளவுகோலில் தண்ணீரும் தீவனமும் 20 சதவீதத்துக்கு மேல் குறைவது, முட்டை இரண்டு நாளுக்கு மேலாக 5 சதவீதத்துக்கு மேல் குறைவது, ஒரு வாரத்தில் 3 சதவீதத்துக்கு மேல் சாவது எல்லாம் பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்கக் காரணங்கள். 3,400-க்கு 3 சதவீதம் என்றால் 102 கோழி. சாவு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தால் அந்த எல்லையைத் தொடும்போது காலம் கடந்திருக்கும். தண்ணீர் அதற்கு முன்பே பேசிவிடும். ஐந்து என்ற எண்ணை மட்டும் கேட்டுவிட்டு நான் தூங்கப் போனேன்.

மூன்றாம் நாள் காலை

காலை ஏழரைக்கு போன். 31 செத்திருந்தது. முட்டை 3,060 வரவேண்டிய ஷெட்டில் அன்று மாலை கணக்கெடுத்தபோது 2,640 தான். பலவற்றில் ஓடே இல்லை, தோல் மட்டும்.

பத்து மணிக்குப் போனேன். வண்டியை கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். பெரிய ஷெட்டை நெருங்கும்போது முதலில் உறைத்தது சத்தம், அதாவது சத்தம் இல்லாதது. மூவாயிரம் முட்டைக்கோழி இருக்கும் ஷெட் காலையில் சந்தைபோல இரையும். அன்று தகரத்தில் காற்று அடிப்பது கேட்டது. மேற்குப் பாதியில் கோழிகள் நடமாடிக்கொண்டிருந்தன. கிழக்கு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் மூடி, ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. சிலவற்றின் கொண்டை நுனி நாவல்பழ நிறம். ஒன்றின் முகம் வீங்கிக் கண் கோடாகத் தெரிந்தது. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், இறகில்லாத கால் பகுதியில் செதில்களுக்கு அடியில் சிவப்புத் திட்டுகள். இன்னொன்று கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடந்தது.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயிலும் கழுத்து முறுக்கும், பச்சைக் கழிச்சல் வரும். கோழிக் காலராவிலும் திடீர்ச் சாவும் நீலக் கொண்டையும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கால் திட்டு, முகவீக்கம், ஓடில்லாத முட்டை, ஒரே இரவில் 5 என்பது 31 ஆனது, பக்கத்தில் காட்டு வாத்து இறங்கும் குளம் எல்லாம் சேர்ந்தால் பறவைக் காய்ச்சலை முதலிடத்தில் வைத்துத்தான் ஆகவேண்டும்.

முந்தின நாள் செத்த ஐந்தும் தீவன மூட்டைச் சாக்கில் கதவோரம் இருந்தன. பழக்கதோஷத்தில் ஒன்றை வெளியே எடுத்துப்போட்டு, அறுத்துப் பார்க்கக் கத்தியையும் எடுத்துவிட்டேன். இருபது வருடமாக எந்தப் பண்ணைக்குப் போனாலும் செய்வது அதுதான். கையுறை இருந்தது, முகத்தில் சாதாரணத் துணி மாஸ்க், கண்ணுக்கு ஒன்றுமில்லை. கடும் வகைக் காய்ச்சலில் செத்த கோழியின் ஒவ்வொரு உறுப்பிலும் வைரஸ் இருக்கும். அதைத் திறந்தவெளியில் அறுப்பது இடத்தை நாசமாக்குவதோடு அறுப்பவர் கண்ணிலும் மூக்கிலும் தெறிக்க வழிசெய்யும். 2003-ல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற பறவைக் காய்ச்சல் வகை பரவியபோது 89 பேருக்குத் தொற்றியது, பெரும்பாலோருக்குக் கண் நோயாகத்தான் வந்தது. இறந்த ஒருவர் கால்நடை மருத்துவர். கத்தியை உள்ளே வைத்தேன்.

10.40-க்கு அரசு கால்நடை அதிகாரிக்குத் தகவல் சொன்னேன். நேரத்தைக் குறித்துவைத்தது பின்னால் உதவியது.

அந்த மதியம் எடுத்த முடிவுகள்

பன்னிரண்டு மணிக்கு முட்டை வண்டி வரவேண்டும். இரண்டு நாள் முட்டை அட்டைகளில் அடுக்கித் தயாராக இருந்தது. "இந்த ஒரு லோடு மட்டும் போயிடட்டும் டாக்டர். இது நேத்து, முந்தாநேத்து முட்டைதானே" என்றார் பண்ணைக்காரர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உறுதியாகாத சந்தேகத்துக்காக ஒரு லோடை நிறுத்துவது அவர் கையிலிருந்து போகும் பணம்.

நான் சொன்ன பதில் வண்டியைப் பற்றி, முட்டையைப் பற்றி அல்ல. நன்றாக வேகவைத்த முட்டையில், எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால், வைரஸ் பிழைக்காது. ஆனால் அந்த வண்டி இங்கிருந்து வேறு நாலு பண்ணைக்குப் போகும். அதன் டயரும், ஓட்டுநர் செருப்பும், திரும்பி வரும் காலி அட்டைகளும் அங்கெல்லாம் போகும். 2014-15-ல் அமெரிக்காவில் சுமார் 5 கோடி பறவைகள் போனதற்குப் பண்ணைகளுக்கிடையே பொதுவாகச் சுற்றிய வண்டியும் கருவியும் ஆளும் பெரிய காரணம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் ஓட்டுநருக்குப் போன் செய்து பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினார். முழு நிகழ்விலும் சரியாகச் செய்த காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதே நேரத்தில் இன்னொரு போனும் வந்தது. விஷயம் எப்படியோ கசிந்து, முட்டை குறைந்து கழிக்கும் கோழிகளை வாங்கும் வியாபாரி ஒருவர் உயிரோடு இருப்பதை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். உயிர்ப்பறவைச் சந்தை வழியாக இந்த நோய் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1997 ஹாங்காங் போதும். 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள், நகரத்திலிருந்த கோழிகள் எல்லாவற்றையும் கொன்றுதான் நிறுத்தினார்கள். பண்ணைக்காரர் மறுத்துவிட்டார்.

வேலையாள் அன்றே வீட்டுக்குப் போகக்கூடாது என்று நான் சொன்னது சிக்கலானது. அவர் வீட்டில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி இருந்தது. கடைசியில் குளித்து, உடை மாற்றி, பூட்ஸை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம், ஆனால் வீட்டுக் கோழியைத் தொடக்கூடாது என்று முடிவானது. சின்னப் பண்ணைகளில் வேலையாளின் கொல்லைக் கோழியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நானும் அதுவரை எடுத்ததில்லை.

ஒரு காரியம் மட்டும் கைமீறிப் போயிருந்தது. காலையில் 31 சாவைப் பார்த்த பதற்றத்தில், நான் வருவதற்கு முன்பே பண்ணைக்காரர் அதே பூட்ஸோடு சின்ன ஷெட்டுக்குள் போய் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தார். அங்கே ஏதாவது செத்திருக்கிறதா என்று பார்க்கத்தான். எதுவும் சாகவில்லை.

பரிசோதனையும் முடிவும்

அரசுக் குழு மூன்று மணிக்கு முழுப் பாதுகாப்பு உடையில் வந்தது. இரண்டு ஷெட்டிலும் தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுத்து, ஐந்தைந்தாக ஒரு குப்பியில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் அனுப்பினார்கள். நாலாம் நாள் இரவு ஆர்டி-பிசிஆர் முடிவு வந்தது: பெரிய ஷெட்டில் எச்5 உறுதி. மறுநாள் எச்5என்1 என்று தெளிவானது. சின்ன ஷெட் மாதிரிகளில் வைரஸ் இல்லை.

இதற்கிடையில் நாலாம் நாள் 212 செத்தது. ஐந்தாம் நாள் விடியும்போது 640. அந்த எண்ணை வேலையாள் நோட்டில் எழுதவில்லை, நான்தான் எழுதினேன்.

ஏன் இந்த வேகம்? மிதமான வகை வைரஸ் கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டும் பெருகும். அங்கேயுள்ள குறிப்பிட்ட நொதிகள் அதன் மேற்புரதத்தை வெட்டித் திறந்தால்தான் அது பெருக முடியும். எச்5, எச்7 வகைகளில் சிலவற்றில் மேற்புரதத்தின் வெட்டுப்பகுதி மாறிவிடுகிறது, உடம்பு முழுக்க இருக்கும் நொதிகளே அதை வெட்டித் திறந்துவிடும். அப்புறம் மூளை, இதயம், ரத்தக்குழாய் எல்லாமே அதற்கு வீடு. கால் திட்டும் கழுத்து முறுக்கும் அதனால்தான். 1996-ல் சீனாவின் குவாங்டாங்கில் வாத்தினப் பறவை ஒன்றில் கண்ட வைரஸின் வழித்தோன்றல்தான் இன்று சுற்றும் எச்5என்1. 2021 கடைசியில் வட அமெரிக்காவுக்கும் 2022-ல் தென் அமெரிக்காவுக்கும் காட்டுப் பறவைகள் வழியே போனது. பல வாத்தினங்கள் நோய் தெரியாமலே அதைச் சுமந்து எச்சத்தில் விடும். குளிர்ந்த தண்ணீரில் அது வாரக்கணக்கில் தாங்கும்.

சின்ன ஷெட்டையும் அழிப்பது

இந்த நிகழ்வில் அதிகம் வாதம் நடந்தது இதில்தான். மனைவி கேட்டார்: "என் ஷெட்ல ஒண்ணுகூட சாகல. டெஸ்ட்டும் இல்லன்னுதானே வந்துச்சு?" அவை முட்டையின் உச்சத்தில் இருந்த கோழிகள். வாரக்கணக்கில் தனியாக வளர்த்தவர் அவர்.

அதிகாரி விளக்கினார், நானும் விளக்கினேன். ஒரு கூட்டத்துக்கு இந்த நோயின் நோயரும்பு காலத்தை, அதாவது கிருமி நுழைந்து நோய் தெரியும்வரை ஆகும் காலத்தை, உலக விலங்கு நல அமைப்பு 14 நாள் என்று வைத்திருக்கிறது. மூன்றாம் நாள் எடுத்த மாதிரியில் இல்லை என்பது மூன்றாம் நாளுக்கு மட்டும்தான் பதில். அன்று காலைதான் கணவர் பூட்ஸோடு உள்ளே போய்வந்திருந்தார். ஒரே தீவன அறை, ஒரே தள்ளுவண்டி. காத்திருந்து பார்த்து இரண்டாவது ஷெட்டிலும் நோய் பரவத் தொடங்கினால் காற்றில் போகும் தூசியும் இறகும் இரட்டிப்பாகும். நியாயமான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அழிப்பதற்கு முன் எடுத்த இரண்டாவது மாதிரியிலும் சின்ன ஷெட்டில் வைரஸ் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது. அதை வாதம் பேசித் தீர்க்க முடியாது.

ஐந்தாம் நாள் கார்பன் டை ஆக்சைடு வாயு கொண்டு இரண்டு ஷெட்டையும் முடித்தார்கள். இருட்டும்வரை நடந்தது. முட்டை, தீவனம், அட்டைகள் எல்லாம் நிலத்தடி நீர் மட்டத்துக்கு மேலாகவே தோண்டிய குழியில் சுண்ணாம்போடு புதைக்கப்பட்டன.

இழப்பீடு பற்றி ஒரு வார்த்தை. பல நாடுகளில் உள்ள வழக்கம்தான் இங்கும்: அழிக்கும் நேரத்தில் உயிரோடிருந்த கோழிக்குத்தான் பணம், அதற்கு முன்பே செத்ததற்கு இல்லை. பெரிய ஷெட்டில் 890 கோழி கணக்கில் வரவில்லை. இரண்டாம் நாள் இரவே நான் சந்தேகத்தைச் சொல்லி, எல்லாம் ஒருநாள் முன்னால் நடந்திருந்தால் அதில் 640 கணக்கில் வந்திருக்கும். மறைத்துவைப்பவருக்கு நட்டம் குறையும் என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.

மனிதர்களும் அக்கம்பக்கமும்

மூன்று பேரையும் என்னையும் சுகாதாரத் துறை கடைசியாக அங்கே வேலை செய்த நாளிலிருந்து 10 நாள் கண்காணித்தது. நாலு பேருக்கும் முன்னெச்சரிக்கையாக ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து கொடுத்தார்கள். ஆறாம் நாள் வேலையாளின் கண் சிவந்தது. அன்றே மாதிரி எடுத்தார்கள், தொற்று இல்லை. சுண்ணாம்புத் தூசி. அந்த ஒரு இரவு நாங்கள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பண்ணையில் எலி பிடிக்கும் பூனை ஒன்று உண்டு. பூனைகளுக்கு எச்5என்1 உயிர்போகும் நோய் என்பதால் மூன்றாம் நாளே கூண்டில் அடைத்தோம். கத்திக்கொண்டே இருந்தது, ஆனால் பிழைத்துக்கொண்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பு வளையமும் 10 கிலோமீட்டருக்குக் கண்காணிப்பு வளையமும் போடுவார்கள். இங்கும் அதுபோல உள்வளையம், வெளிவளையம் உண்டு. உள்வளையத்துக்குள் 700 மீட்டரில் இன்னொரு சிறு பண்ணை. முதல் நாளன்று அவர்கள் இங்கிருந்து கூளம் கிளறும் முள்வாரியை இரவல் வாங்கிப்போயிருந்தார்கள். இது எனக்கு நாலாம் நாள்தான் தெரிந்தது. பண்ணைக்காரர் சொல்லத் தயங்கினார். சொன்னால் பக்கத்துக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்ற கூச்சம். அவர்கள் கோழியை மூன்று முறை சோதித்தார்கள், மூன்றிலும் தொற்று இல்லை. ஆனால் இரண்டு நாள் முன்பே சொல்லியிருக்கலாமே என்ற கோபம் அங்கே இருக்கிறது, நியாயமான கோபம்.

நோய் எங்கிருந்து வந்தது

குளத்துத் தண்ணீர்தான் என் முதல் சந்தேகம். அந்த இரண்டு நாளும் அதைக் குடித்தது பெரிய ஷெட் மட்டும்தான். ஆனால் முதல் சாவுகள் கிழக்கு மூலையில், அதாவது குளத்தைப் பார்த்த பக்கம் தொடங்கின. தண்ணீர் ஷெட் முழுக்கப் போகும், மூலைக்கு மட்டும் போகாது. அந்த மூலைக் கதவு வழியாகத்தான் டீசல் இஞ்சினை இயக்கிய வேலையாள் குளக்கரையிலிருந்து உள்ளே வந்துபோனார். எனவே தொட்டியா, பூட்ஸா என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. இரண்டுக்கும் மூலம் ஒரே குளம்.

சின்ன ஷெட் தப்பியிருந்ததற்குத் தனித் தொட்டி ஒரு காரணம். இன்னொன்றை மனைவி பேச்சுவாக்கில் சொன்னார். கணவர் வாங்கித்தந்த ரப்பர் பூட்ஸ் அவருக்குப் பெரிது, வழுக்கும். அதனால் கதவுக்கு உள்ளே ஒரு நீலச் செருப்பு வைத்திருந்தார், வெளிச்செருப்பை வாசலில் விட்டுவிட்டு அதைப் போட்டுக்கொள்வார். நோய் உள்ளே வராமல் தடுக்கும் உயிரிப் பாதுகாப்பு என்ற சொல்லையே கேள்விப்படாமல், அந்தப் பண்ணையில் அதைச் செய்துவந்தவர் அவர் ஒருவர்தான். நான் மாதாமாதம் போயும் அந்தச் செருப்பை ஒருநாளும் கவனித்ததில்லை.

பிறகு

கூளத்தைக் குவித்து மூடி, தன் சூட்டிலேயே வேகவிட்டோம். முதலில் உலர்வாகச் சுரண்டி, அப்புறம் சோப்புத் தண்ணீர், காய்ந்த பிறகுதான் கிருமிநாசினி. ஏழு நாள் இடைவெளியில் மறுபடி ஒருமுறை. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு, சோப்புக்கே உடையும். அழுக்குக்கு அடியில் ஒளிந்திருப்பதுதான் பிரச்சினை. பூசணம் பிடித்த மரச் சட்டங்களைக் கழுவி மாளாது என்று எரித்தோம்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி கோழி விட்டார்கள். இரண்டு ஷெட்டுக்கும் ஒரே வயதுக் கோழிகள், ஒரே வாரத்தில். ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் திண்ணை. அதில் உட்கார்ந்து வெளிச்செருப்பை இந்தப் பக்கம் விட்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு உள்செருப்பைப் போடவேண்டும். சேற்றுத் தொட்டியை எடுத்துவிட்டோம். உதிரி மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். குளோரின் சோதனைத் தாள் நோட்டுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. கிழக்குக் கதவை அடைத்துவிட்டார்கள், குளத்துப் பக்கம் வலையும் வந்துவிட்டது. வேலையாள் வீட்டுக் கோழிகளை விற்றுவிட்டார், அதற்கு ஈடாக மாதம் முட்டை தருகிறார்கள்.

தடுப்பூசி போடலாமா என்று பண்ணைக்காரர் கேட்டார். பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடுகிறது. சாவைக் குறைக்கும், ஆனால் தடுப்பூசி போட்ட கூட்டத்தில் வைரஸ் அமைதியாகச் சுற்றலாம். அதனால் தொடர் பரிசோதனை கூடவே நடக்கவேண்டும், ஏற்றுமதி விதிகளும் குறுக்கே வரும். அதைத் தனிப் பண்ணை முடிவு செய்ய முடியாது, அரசு முடிவு செய்வது.

என் பக்கம் மாறியது: போனில் யார் கோழி சாவைச் சொன்னாலும் இப்போது முதல் கேள்வி தண்ணீர் எத்தனை லிட்டர் என்பதுதான். நோட்டிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். வழக்கத்தைவிட 10 சதவீதம் குறைந்தால் அன்று மாலையே எனக்கு போன். என் வண்டியில் முழு உடை, கண்ணாடி, என்95 மாஸ்க் எப்போதும் இருக்கிறது, கத்தி பின்னால் பெட்டியில்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு மாலை மனைவி கூப்பிட்டார். சின்ன ஷெட்டில் தண்ணீர் 620-லிருந்து 540 ஆகியிருந்தது. சாவு ஒன்றுகூட இல்லை. முட்டை வண்டியை மறுநாள் வரவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டிருந்தார். போய் மாதிரி எடுத்து அனுப்பினோம், இரண்டு நாள் எதையும் வெளியே விடவில்லை. தொற்று இல்லை என்று வந்தது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பாசி அடைத்திருந்தது.